சரளையும் தாரும் கலந்த பயணத்துக்கு 40 மி.மீ. டயர்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

மூட்டை கட்டிக்கொண்டு போகும் நீண்ட பயணங்களுக்காக 32 மி.மீ. டயரை விட்டு 40 மி.மீட்டருக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. சுமை ஏற்றிய சைக்கிளில் இனி குறுகிய டயரை மாட்டமாட்டேன்.

அகலமான டயர் என்றால் மிதிக்கக் கனக்கும் என்பார்கள். நல்ல தார்ச்சாலையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரளையிலோ இதுதான் லேசாக ஓடுகிறது. குறுகிய டயரில் காற்றை இறுக்கி அடித்தால், ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் மூட்டையோடு எகிறும். நாம் மிதிக்கும் மிதியெல்லாம் அதிலேயே வீணாகும். அகல டயரில் காற்றைக் குறைக்கலாம், கல்லை டயரே வாங்கிக்கொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது காற்றழுத்தத்தின் உச்ச வரம்பு. அதுவரை அடிக்க வேண்டியதில்லை. சுமையோடு நான் வைப்பது பின்னால் 50 பிஎஸ்ஐ, முன்னால் 40. சரளை தொடங்கியதும் இரண்டிலும் ஐந்தாறு இறக்குவேன். அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

நடுவில் வழவழப்பு, ஓரங்களில் சின்ன ரப்பர் பட்டன்கள், இதுதான் என் தேர்வு. பெரிய பட்டன் டயர் தாரில் இரைந்துகொண்டே வரும், சீக்கிரம் தேயும். மழைக்கு ஆழமான வெட்டு வேண்டும் என்பது கார் டயர் கணக்கு. சைக்கிள் போகும் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்காது. சேற்றில் மட்டும் இந்த வழவழப்பான டயர் வழுக்கும்.

பஞ்சரே கூடாது என்பவர்களுக்கு 5 மி.மீ. தடுப்புப் பட்டை வைத்த ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற டயர் இருக்கிறது. ஆனால் கனம், விறைப்பு. ரிம்மில் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் நோகும். எனக்கு நடுத்தரத் தடுப்பு போதும். மாலையில் டயரைச் சுற்றிப் பார்த்து, ரப்பரில் ஏறிய கண்ணாடித் துணுக்கை ஊசியால் நெம்பி எடுத்துவிடுவேன்.

பின் டயர்தான் முதலில் நடுவில் தட்டையாகும். அப்போது முன் டயரைப் பின்னால் போட்டுவிட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம்.

அப்புறம், வாங்கும்போது 40-622 என்ற எண்ணைப் பாருங்கள். 40 டயரின் அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீட்டரில். அந்த 622 உங்கள் ரிம்மோடு பொருந்த வேண்டும். ஃபோர்க்கிலும் ஃபிரேமிலும் இருபக்கமும் 5 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். மட்கார்டு போடுவதானால் இன்னும் கூடுதலாக வேண்டும்.