பஸ் பயணத்துக்கு லூடோ கிங்கா, பிஜிஎம்ஐயா?

உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு தினமும் பஸ்ஸில் போய்வரும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. லூடோ கிங், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் செல்போன் ஆட்டம். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா), பலர் இணையத்தில் மோதும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்.

டேட்டா
லூடோ கிங்: கணினியை எதிர்த்து ஆட இணையமே வேண்டாம்.
பிஜிஎம்ஐ: இணையம் இல்லாமல் நகராது. செக்கானூரணி தாண்டி சிக்னல் ஒரு நொடி திக்கினால் போதும். எதிரே ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று வேறிடத்தில் நிற்பான், நாம் வீழ்ந்து கிடப்போம்.

நேரம்
பிஜிஎம்ஐயின் எராங்கல் என்ற வரைபடத்தில் 100 பேர் இறங்கும் ஆட்டம் கடைசிவரை போனால் ஏறக்குறைய அரை மணி நேரம். நடுவில் இறங்குமிடம் வந்தால் கூட்டாளிகள் மூவரையும் களத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அதை என்னால் ஏற்கவே முடியாது. கணினியோடு ஆடும் லூடோவில் யாரும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பேட்டரி
பிஜிஎம்ஐ விரைவில் தின்றுவிடும், செல்போனும் சூடாகும்.

திறமை
லூடோவில் பகடை விழுந்தபடிதான் பாதி ஆட்டம். குறிபார்த்தல், பதுங்குதல், கூட்டாகத் திட்டமிடுதல் எல்லாம் பிஜிஎம்ஐயில்தான். திறமையில் பிஜிஎம்ஐக்கு லூடோ ஈடே இல்லை.

துணை
ஒரே செல்போனைக் கைமாற்றி நாலு பேர் லூடோ ஆடலாம். தாயம் ஆடிப் பழகிய அப்பத்தாவுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். காய் வெட்டுவதில் நம்மை மிஞ்சிவிடுவார்.

பஸ்ஸுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் லூடோ கிங். விடுமுறை நாளில் வைஃபையும் மூன்று நண்பர்களும் அமைந்தால், தயங்காமல் பிஜிஎம்ஐ.