பேரமே பேசாமல் 48,000 ரூபாய்க்கு ஏலம் கேட்ட ஆள்

பழைய நாணயங்களை ஆன்லைன் ஏலத்தில் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். போன மாதம் நான் 10,490 ரூபாய் இழந்தேன். விற்கப் போனவன் நான், பணம் கட்டியவனும் நானே.

அப்பாவின் தகர டப்பாவில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய் மூன்று இருந்தன. இரண்டு 1918, ஒன்று 1919. கூடவே கொஞ்சம் காலணா, ஒரு பிடி தாமரை இருபது காசு. அந்தத் தாமரைக் காசில் தங்கம் இருக்கிறது என்று நம்பி அம்மா சேர்த்து வைத்தது. உண்மையில் அது நிக்கல் கலந்த பித்தளை. எல்லாவற்றையும் சேர்த்து, வெள்ளி விலையை மட்டும் கணக்குப் பார்த்து, 6,000 ரூபாயில் ஏலத்தைத் தொடங்கினேன்.

முதல் இரண்டு நாள் ஒரே ஒருவர்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளி ரூபாயின் பின்பக்கத்தில் உள்ள தாமரைப் பூவுக்குக் கீழே சின்னப் புள்ளி இருக்கிறதா என்றார். இருந்தால் பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா என்பது அவர் சொல்லித்தான் தெரியும். எடை 11.66 கிராம் வருகிறதா, விளிம்பைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, புளி போட்டுத் தேய்த்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி. 200 ரூபாய் கூட்டவே யோசித்து யோசித்து 7,200 வரை வந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது.

மூன்றாம் நாள் இரவு ஒரு புதுக் கணக்கு ஒரேயடியாக 48,000 கேட்டது. அதற்கு முன் எதையும் வாங்கியதோ விற்றதோ இல்லை. நாணயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. அடுத்த நிமிடமே "வாட்ஸ்அப்புக்கு வாங்க சார்" என்று செய்தி. அங்கே போனால் முகப்புப் படமாக ரிசர்வ் வங்கி முத்திரை. பேசிய பெண் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். பழைய நாணயம் விற்கப் பதிவு செய்ய வேண்டுமாம், 1,850 ரூபாய். கட்டியதும் என் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. மறுநாள் ஜிஎஸ்டி 18 சதவீதம், 8,640 ரூபாய். "பயப்படாதீங்க சார், எல்லாம் சேர்த்துத் திரும்ப வந்துடும்" என்றார். கட்டினேன். ஏலப் பக்கத்தில் என் பொருளுக்கு நேரே 48,000 என்று தெரிந்துகொண்டே இருந்ததால், அது எனக்கு வந்துவிட்ட பணம் போலவே மனதில் பதிந்துவிட்டது. அந்தத் தளத்தில் ஏலம் கேட்க யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலையே காப்பீட்டுக்கு 14,000 கேட்டபோதுதான் தம்பியிடம் சொன்னேன். அவன் போனைப் பிடுங்கி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அடித்தான். இரண்டாவதாகக் கட்டியதில் ஒரு பகுதி அவர்களின் கணக்கிலேயே முடக்கப்பட்டிருக்கிறது. இன்னும் கைக்கு வரவில்லை. முதல் 1,850-ஐ அதற்குள் எடுத்துவிட்டார்கள். அதனால் சந்தேகம் வந்த உடனே 1930, அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

பிறகு தேடியபோது தெரிந்தது, ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் அது ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவும் இல்லை. வரி என்றால் அரசுக்குக் கட்டுவது. வாங்குகிறவரின் யுபிஐ எண்ணுக்கு எதற்குக் கட்ட வேண்டும்?

அதே ஏலத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் "முன்பணம் அனுப்புகிறேன்" என்று க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து என் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னார். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது. இன்னொருவர் துபாய்க்கு அனுப்பினால் இரட்டிப்பு விலை என்றார். நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அவர் பணம் நிஜமாகவே வந்திருந்தாலும் வழக்கு என் தலையில்தான் விழுந்திருக்கும்.

அந்தப் புள்ளி கேட்டவரை மறுபடி தொடர்புகொண்டு நடந்ததைச் சொன்னேன். 7,200-க்கே எடுத்துக்கொண்டார், கூரியர் செலவும் அவரே கொடுத்தார். தாமரைக் காசுகளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

நேற்று அதே ரிசர்வ் வங்கி முத்திரையோடு வேறு பெயரில் ஒரு கணக்கு, யாரோ ஒருவரின் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு 2 லட்சம் கேட்டிருப்பதைப் பார்த்தேன். விற்பவருக்கு உடனே செய்தி அனுப்பினேன். இதை எழுதும்வரை அவர் பார்க்கவில்லை.