பெரியவர்களுக்கு மருந்துச் சீராய்வு: எல்லா மாத்திரைகளோடும் போங்கள்

வீட்டில் பெரியவர்களுக்கு ஐந்தாறு மாத்திரைக்கு மேல் ஓடுகிறதா? முதியோர் மருத்துவப் பிரிவில் செய்கிற மருந்துச் சீராய்வுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்பாவைக் கூட்டிப் போனோம், ஒரே ஒரு குறை தவிர முழுத் திருப்தி.

மருந்துச் சீட்டு மட்டும் போதாது, கண் சொட்டு மருந்து, மூலிகை மருந்து, கடையில் நாமே வாங்கிய சளி மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மருத்துவரும் மருந்தாளுநரும் ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, யார் எழுதியது, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். அப்போதுதான் சங்கிலி பிடிபட்டது. பிபிக்கான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும், அப்பாவுக்கும் வந்திருக்கிறது, அதை வேறு ஏதோ என்று நினைத்து இன்னொரு இடத்தில் நீர் மாத்திரை எழுத, அதனால் ராத்திரி அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போய், அந்தத் தூக்கக் கலக்கத்தில் தடுமாறுகிறார். இந்த வகை வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அடங்குவதும் இல்லை. சளி மாத்திரையில் இருந்த குளோர்பெனிரமினையும் விடச் சொன்னார்கள், வயதானவர்களுக்கு அது மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் கொண்டுவரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பிபியைப் படுக்க வைத்து ஒரு தடவை, நின்ற பிறகு 3 நிமிடம் வரை மறுபடியும் பார்த்தது. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். அப்புறம் நடை வேகம், கைப்பிடி வலு, எடைக் குறைவு, அசதி, நடமாட்டம் ஐந்தையும் பார்த்தார்கள். மூன்று சரியில்லை என்றால் தளர்ச்சி என்று கணக்கு. உடம்பு தளர்ந்தவருக்குச் சர்க்கரையை ரொம்பக் குறைவாகக் கட்டிப்போடுவது ஆபத்து, தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடு. அதனால் சர்க்கரை அளவுக்கான இலக்கையே கொஞ்சம் தளர்த்தினார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. தூக்க மாத்திரையை மட்டும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கிறார்கள், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

குறை என்னவென்றால், மாற்றங்களை மற்ற மருத்துவர்களுக்குத் தெரிவிக்கக் கடிதம் எதுவும் தரவில்லை. புதிய பட்டியலை, எதை ஏன் நிறுத்தினார்கள் என்பதோடு, கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் அதே நீர் மாத்திரையை மறுபடி எழுதிவிடுவார்.