மதுரையில் அம்மாவுக்குக் கீமோ போர்ட் வைத்த கதை

அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து புண் ஆறிய பிறகு கீமோ, அதற்கு முன்னால் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் பதிக்கிற சின்னக் கருவி) வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி போனில் சொன்னான். அதற்காகவே லீவு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து மதுரைக்குப் போனேன். திரும்பி வந்ததும், தங்கள் வீட்டிலும் இதே நிலை என்று தெரிந்தவர்கள் சிலர் விசாரித்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போர்ட் வைக்கும் வேலையை நம் ஊரில் நன்றாகவே செய்கிறார்கள். வைத்த பிறகு அதை யார், எங்கே பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் நாம் விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கை நரம்பில் வென்ஃப்லான் என்கிற ஊசிக்குழாய் போட்டு ஏற்றினால் ஆகாதா என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அவருக்குச் சொல்லியிருந்தது ஃபால்ஃபாக்ஸ் என்கிற கூட்டு மருந்துச் சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இரண்டு மணி நேரம் ஏறி முடிந்ததும், ஃபுளூரோயுராசில் என்ற மருந்து 46 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் இப்படி ஏற்றினால் கை நரம்பு தாங்காது. புஜத்தில் வைக்கிற பிக் லைன் என்று ஒன்று உண்டு, செலவும் குறைவு. ஆனால் குழாய் வெளியே தெரியும், வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், தண்ணீர் படக் கூடாது. விடிந்ததும் மாட்டுத் தொழுவத்தில் நிற்கிற என் அம்மாவிடம் அதெல்லாம் நடக்காது. போர்ட் முழுக்கத் தோலுக்கு அடியில் இருப்பது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில், டைட்டானியத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்னக் கிண்ணம். அதன் மேலே சிலிகான் மூடி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கழுத்து நரம்பு வழியாக இறங்கி, இதயத்துக்குள் நுழைகிற பெரிய ரத்தக் குழாய் வரை போகும். தையல் ஆறிவிட்டால் தாராளமாகக் குளிக்கலாம்.

தேதி கிடைப்பதில் சிரமமே இல்லை. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களும் ரத்தம் உறையும் நேரமும் சரியாக இருந்ததால் மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அன்று காலை மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்லவில்லை.

நகை எதுவும் இருக்கக் கூடாது என்பார்கள். தாலியைக் கழற்றச் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அங்கே இருந்த வயதான சிஸ்டர், “மஞ்சக் கயித்த கையில கட்டிக்கங்கம்மா, அது இருந்தா போதும்” என்று அவரே ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டார். இந்த நெளிவுசுளிவெல்லாம் நான் இருக்கும் ஊரில் கிடைக்காது.

பெண்களுக்கு இன்னொன்று. எந்தப் பக்கம், எந்த இடத்தில் என்று குறிப்பதற்கு முன், உள்ளாடைப் பட்டை எங்கே வருகிறது என்று காட்டிவிடுங்கள். போர்ட் சரியாகப் பட்டைக்குக் கீழே அமைந்துவிட்டால் நாள் முழுக்க உறுத்தும். பெரும்பாலும் வலது பக்கம்தான் வைக்கிறார்கள், அந்தப் பக்கம் குழாய் நேராக இறங்கும். முந்தானை இடது தோளில் போவதால் அம்மாவுக்கும் அது வசதியாகப் போயிற்று. மார்பகப் புற்றுநோய் என்றால் பொதுவாக நோய் இல்லாத பக்கத்தில் வைப்பார்கள். கீமோவுக்குப் போகும் நாள்களில் முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையோ ஜிப் வைத்த நைட்டியோ போதும். கழுத்து ஏறிய சுடிதாரோடு போனால் கஷ்டம்தான்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடத்தை மரக்கச் செய்து, கொஞ்சம் தூக்கம் வர மருந்தும் கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு சின்னக் கீறல், காறை எலும்புக்குக் கீழே இன்னொன்று. அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்து, எக்ஸ்ரே திரையில் குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று சரிபார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். மரப்பு ஊசி மட்டும் சுரீரென்றது, அப்புறம் யாரோ அழுத்துகிற மாதிரிதான் இருந்தது என்றார் அம்மா. முகத்தை மூடிய பச்சைத் துணிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. மூச்சு முட்டுகிறவர்கள் முன்பே சொன்னால் துணியைத் தூக்கிப் பிடிக்க வழி செய்வார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு இல்லை என்று மார்பு எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழுத்தைத் திருப்பினால் வலி, நீலம் பாரித்த தோல், அவ்வளவுதான். குடம் தூக்காமல் அவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

எனக்கு உறுத்தியது வேறு. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் என்னிடமே பேசினார்கள், அம்மா பக்கம் திரும்பவே இல்லை. வெளிநாட்டிலிருந்து மகள் வந்துவிட்டால் நோயாளி ஓரமாகிவிடுகிறார். நான் கிளம்பின பிறகு நெஞ்சில் அதைச் சுமக்கப் போகிறவர் அம்மா. “அம்மாகிட்டயே தமிழ்ல சொல்லிடுங்க டாக்டர்” என்று கேட்ட பிறகு நன்றாக, பொறுமையாகவே விளக்கினார்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கீமோ அன்று பக்கத்திலேயே இருந்தேன். ஊசி குத்த ஒரு மணி நேரத்துக்கு முன் மரப்பு கிரீம் தடவிக்கொண்டு போனால் வலி தெரியாது. இதை டே கேரில் (கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிற பிரிவு) பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்னொரு நோயாளிதான் சொல்லிக்கொடுத்தார். சிஸ்டர் கையுறை மாட்டி, இடத்தைச் சுற்றித் தேய்த்துத் துடைத்து, காயும் வரை காத்திருந்தார். பிறகு இரண்டு விரலால் போர்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, “மூச்ச நல்லா இழுங்கம்மா” என்று சொல்லி, வளைந்த ஊசியை நேராக இறக்கினார். அது அடித்தகட்டில் போய் முட்டுகிற வரை அழுத்த வேண்டுமாம். சிரிஞ்சில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு, உப்பு நீரை நிறுத்தி நிறுத்தித் தள்ளினார். ரத்தம் வராமல் மருந்து ஏற்றக் கூடாது. மருந்து ஏறும்போது அந்த இடத்தில் எரிச்சலோ வீக்கமோ இருந்தால் உடனே கூப்பிடச் சொன்னார், பொறுத்துக்கொள்ளவே கூடாதாம்.

அந்த வளைந்த ஊசிக்கு ஹூபர் ஊசி என்று பெயர். இந்தப் பெயரை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் செய்து வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. 46 மணி நேர மருந்தைக் கரண்ட் வேண்டாத பலூன் பம்ப்பில் நிரப்பி, இடுப்புப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிந்ததும் ஊசியைக் கழற்ற மறுபடி மதுரைக்கு அலைய வேண்டுமா என்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் விசாரித்தேன். கழற்றித் தருகிறோம், தேவைப்பட்டால் அதிலேயே மருந்தும் ஏற்றுகிறோம், “சாதா ஊசியே போதும்க்கா” என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். சாதாரண ஊசி சிலிகான் மூடியைத் துளைக்கும்போது துணுக்கு துணுக்காகப் பெயர்த்துவிடும், பிறகு போர்ட் கசியும். ஹூபர் ஊசியின் முனை மூடியை விலக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்யப்பட்டது. கடைசியில் கீமோ கொடுத்த இடத்திலேயே கழற்றிக்கொள்வதென்று முடிவானது, தம்பிக்குத்தான் அலைச்சல். சில ஆஸ்பத்திரிகளில் இரண்டு நாளும் அட்மிட் பண்ணிக்கொள்கிறார்கள். காப்பீடு எதற்கு ஒத்துக்கொள்ளும் என்பதையும் பார்த்து முடிவு செய்யலாம்.

செலவைப் பற்றி: போர்ட்டின் விலை பில்லில் தனியாக வரும், எங்களுக்கு வந்ததில் பெரிய தொகையே அதுதான். அட்வான்ஸ் கட்டும் முன் எஸ்டிமேட்டில் போர்ட்டும் ஊசியும் அடக்கமா என்று கேளுங்கள், ஹூபர் ஊசி ஒவ்வொரு முறையும் புதிது வாங்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் போர்ட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று காப்பீட்டு மேசையில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் கவரில் போர்ட் அட்டை இல்லை. நான் கேட்ட பிறகுதான் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்கள். போர்ட்டின் மாடல், லாட் எண், வைத்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு சி.டி. ஸ்கேனுக்கு அதன் வழியாக அழுத்தத்தோடு மருந்து ஏற்றலாமா, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

கீமோ முடிந்த பிறகும் போர்ட்டை உடனே எடுத்துவிட மாட்டார்கள். அதுவரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது ஃப்ளஷ் பண்ண வேண்டும், அதாவது ஊசி குத்தி உள்ளே திரவம் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும், எங்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்றார்கள். தம்பி போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறான். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ, ஃப்ளஷ் பண்ணியதும் குளிர் எடுத்து உதறினாலோ, அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலோ, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டதற்கு முதலில் ரிசப்ஷன் நம்பரைக் கொடுத்தார்கள். டே கேர் சிஸ்டரிடம் மறுபடி கேட்டு, கேன்சர் பிரிவின் டூட்டி டாக்டர் நம்பரை வாங்கி, சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.