மூக்கில் நிற்காத திரை: இரண்டரை வருடப் பாவனைக்குப் பிறகு

கணினித் திரையைக் கண்ணுக்கு முன்னாலேயே காட்டும் என் கண்ணாடி ஏழு வாரம் கழித்துத் திருத்தப்பட்டு வீடு வந்த அதே கிழமையில், ராகமை வைத்தியசாலையில் ஒருகாலத்தில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பர் மட்டக்களப்பிலிருந்து குரல்செய்தி அனுப்பியிருந்தார். "விலை இறங்கியிருக்கிறதாம். நீ இரண்டரை வருடமாகப் பாவிக்கிறாய். வாங்கலாமா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்." சுற்றி வளைக்காமல் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு: கழுத்தின் நான்காம் முள்ளெலும்புக்குக் கீழே எனக்கு எதுவும் அசையாது. தலை அசையும். வாய் தேவைக்கு அதிகமாகவே அசையும். மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் தொழில். கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரியான ஒன்று, ஒற்றை வயரால் மடிக்கணினியோடு இணையும். ஒரு கண்ணுக்கு 1920×1080 புள்ளிகள், 46 பாகைப் பார்வைப் பரப்பு. ஃபோனோடு இணைக்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யூ.எஸ்.பி-சி துளை இருந்தால் போதாது, அந்தத் துளை வழியாகப் படமும் வெளியே வர வேண்டும். மலிவான ஃபோன்கள் பலவற்றில் வராது.

எடை எண்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் இதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். எண்பது கிராம் கையில் ஒன்றுமில்லைதான். கொழும்பில், மார்ச் மாதத்தில், வியர்த்த மூக்கின் மேல் அது வழுக்கிக்கொண்டே இறங்கும் எண்பது கிராம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு நாளில் எத்தனை தடவை அதை விரலால் மேலே தள்ளுகிறார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். நான் எண்ணியிருக்கிறேன். ஒரு காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் பத்தொன்பது தடவை. பத்தொன்பது தடவையும் "சித்தி, கண்ணாடி" என்று கூப்பிட வேண்டியிருந்தது. சித்தி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை உடுப்பில் துடைத்துவிட்டு வந்து, ஒற்றை விரலால் தள்ளிவிட்டுப் போவார். பதினோராம் தடவை விரல் உள்பக்கக் கண்ணாடியில் பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஒப்பந்தம் ஒன்றின் இடது மேல் மூலையைத் தேங்காய்ப்பாலுக்குள்ளால் வாசித்தேன். துடைப்பதற்கென்று தனியாக இன்னொரு தடவை கூப்பிட மனம் வரவில்லை.

வழுக்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. இரண்டு கண்களுக்கும் நடுவே ஓர் உணரி இருக்கிறது. முகம் விலகினால் திரையை அணைப்பது அதன் வேலை. கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியதுமே நான் அதைக் கழற்றிவிட்டதாக அது முடிவெடுத்துவிடும். அம்புக்குறியை நான் தலையசைவால் நகர்த்துகிறேன். பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ் என்ற இலவச மென்பொருள் அது. முகத்தில் ஒரு புள்ளியைக் காட்டிக் கொடுத்தால் கணினியின் கேமரா அதைப் பின்தொடரும். புருவத்தைக் கண்ணாடி மறைத்துவிடுவதால் நான் மூக்கு நுனியைக் கொடுத்திருக்கிறேன். ஆகவே கண்ணாடி இறங்கும்போது திரை அணைகிறது, மூக்கு நுனி மறைகிறது, அம்புக்குறி எங்கேயோ ஓடிப்போகிறது. இருட்டில் உட்கார்ந்து சித்தியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் உடம்பில் இவ்வளவு பொறுப்புச் சுமக்கிற உறுப்பு மூக்கைப்போல வேறில்லை.

உணரியின் மேல் மைக்ரோபோர் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டினோம். திரை அணைவது நின்றது. இப்போது கழற்றி மேசையில் வைத்தாலும் அது எரிந்துகொண்டே இருக்கிறது, காதில் மாட்டும் தண்டு சுடுகிறது. நீச்சல்காரர்களின் பட்டி ஒன்றைப் பின்னால் இழுத்துக் கட்டினோம். வழுக்கல் பாதியாகக் குறைந்தது, மூக்கின் இருபுறமும் சிவந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் வலது தண்டின் அடியில் அரிசி மணி அளவில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.

இனி மற்றப் பக்கம். வாங்கிய வருடக் கடைசியில் உட்காரும் எலும்பின் மேல் எனக்குப் படுக்கைப் புண் வந்தது. ஆறு வாரம் சக்கர நாற்காலி கூடாது, படுக்கைதான், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும். இதற்கு முன்னரும் இப்படிக் கிடந்திருக்கிறேன். தொலைக்காட்சியைக் குறுக்காகப் பார்த்து, எழுத்தைக் குறுக்காக வாசித்துக் கழுத்து நொந்த நாட்கள் அவை. இரும்புக் கையில் தொங்கவிட்ட டேப்லெட் ஒருநாள் கழன்று நெற்றியில் விழுந்தது. பிடிக்கக் கையில்லாதவனுக்கு அது விழுவதை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும்.

கண்ணாடியில் திரை முகத்தோடு ஒட்டியிருக்கிறது. என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் திரையும் சுவர்ப்பக்கம் திரும்பும், சரிந்து கிடந்தால் வரிகளும் என்னோடு சரிந்து, எனக்கு நேராகவே தெரியும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பெட்டியிலும் இல்லை. அந்தச் சுவரில் ஈரம் கசிந்து ஒரு கறை படிந்திருக்கிறது. முந்தைய தடவைகளில் அதன் ஒவ்வொரு விளிம்பும் எனக்குப் பாடம். இந்தத் தடவை இரவு மூன்று மணிக்கு, அந்தக் கறையின் மேலேயே ஒரு காணி உறுதியின் தமிழாக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் கிடக்கும்போது கேமராவுக்கு மூக்கு தெரியாது, எனவே எல்லாம் குரல்தான். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017இல் தமிழ் சேர்ந்திராவிட்டால் அந்த ஆறு வாரத்தில் ஒரு பக்கமும் நகர்ந்திராது. லகர ளகரங்களைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தண்டு தலையணையில் அழுத்திக் காதை நோகடித்தது. சித்தி பஞ்சுத் தலையணையில் ஒரு குழி வெட்டினார், தீர்ந்தது. படுத்திருக்கும்போது கண்ணாடி வழுக்கவும் இல்லை.

பிழைதிருத்தக்காரர் என்ற முறையில் ஒரு குறை. திரையின் நடுப்பகுதி துல்லியம். ஓரங்களில் எழுத்து மங்குகிறது. ஆங்கிலத்துக்கு அது பெரிய சேதமில்லை. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. வலது ஓரத்தில் 'மகன்' என்பதும் 'மகன' என்பதும் எனக்கு ஒன்றுதான். பக்கத்தைச் சுருக்கி நடுவுக்கு இழுத்துத்தான் வேலை செய்கிறேன்.

வயருக்கு வருவோம். நாற்காலிச் சில்லில் சிக்காமல் இருக்க, நுளம்பு வலை மாட்டும் கூரைக் கொக்கியிலிருந்து அதைத் தொங்கவிட்டிருந்தோம். போன ஆவணியில் தண்டின் துளை ஆட்டம் கண்டது. தலையை அசைத்தால் படம் போய்ப் போய் வரும். விற்ற கடையில், பெயர் வேண்டாம், உத்தரவாதம் கேட்டபோது "தவறான பாவனை" என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். கூரையில் தொங்கவிட்டது தவறாம். 1968இல் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி இவான் சதர்லாண்ட் தலையில் அணியும் திரையை உருவாக்கியபோது, தலையசைவை அளக்கும் இயந்திரக் கை அதைக் கூரையோடுதான் பிணைத்திருந்தது. அவருக்கும் உத்தரவாதம் கிடைத்திருக்காது. கடைசியில் புறக்கோட்டையில் ஃபோன் திருத்தும் ஒரு பையன் திறந்து பார்த்தான். துளைக்குள் பச்சை படிந்திருந்தது. "வீடு கடற்கரைப் பக்கமா அண்ணா?" என்று கேட்டான். வெள்ளவத்தை என்றேன். "வயர் இழுத்தது பாதி, உப்புக்காற்று பாதி" என்றான். உதிரிப்பாகம் வந்து சேர ஏழு வாரம், கூலியோடு இருபத்தாறாயிரம் ரூபாய். அடுத்த தடவை உதிரி கிடைக்குமா என்பது தனிக் கவலை. கூகுள் கிளாஸ் என்ற திரைக்கண்ணாடி 2013இல் 1500 டாலருக்கு வந்தது, 2023இல் அதன் விற்பனை அடியோடு நின்றது. என் தலையில் இருப்பதன் ஆயுள் எவ்வளவோ.

பெட்டியின் மேல் விமானத்தில் சாய்ந்து படம் பார்க்கும் ஒருவரின் படம் இருக்கிறது. இதைச் செய்தவர்கள் என்னை நினைக்கவே இல்லை. இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் நான்காம் உறுப்புரை, தாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் தொழில்நுட்பத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. நான் கொடுத்ததோ பொழுதுபோக்குக்காகச் செய்த ஓர் ஆடம்பரச் சாமானின் விலை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நேற்று மாலை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன், ஆனால் இன்று காலை ஆறு தடவை வழுக்கிவிட்டது. விலை இறங்கியதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். முதலில் இங்கே வந்து ஒரு மத்தியானம் என்னுடையதைப் போட்டுப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். புண் வந்து கிடக்க நேர்ந்தால் அந்த ஆறு வாரத்துக்கு இரவல் தருகிறேன், அதற்கு மேல் ஒரு நாளும் தரமாட்டேன். நாங்கள் மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்கிறதா என்று சித்தியிடம் கேட்டுவிட்டு மட்டக்களப்பிலிருந்து புறப்படுங்கள்.