பாலக்காட்டுக் காற்றில் ஓர் ஆறு இஞ்ச் டாப்சோனியன்

நானே கட்டிய டாப்சோனியன் தொலைநோக்கியைப் பார்த்தால் அதன் கண்ணாடி எங்கே கிடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், குழாயைத் தாங்கித் திருப்பும் அடிப்பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சில வருடம் புழங்கிய பிறகு சொல்கிறேன், இந்தத் தொலைநோக்கி மூலையில் தூசி படியாமல் இருக்கிறதென்றால் அது அந்தப் பெட்டியால்தான்.

ஒளியைச் சேர்க்கும் முதன்மை ஆடி (அந்தக் கண்ணாடிதான்) 150 மி.மீ. அகலம், குவியத் தூரம் 1200 மி.மீ. ஆடிகள், ஃபோகஸர் (தெளிவு பிடிக்கத் திருகுவது), ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தது. குழாய்க்கு எட்டு இஞ்ச் பிவிசி பைப், உள்ளே கரும்பலகைப் பெயிண்ட். பெட்டி 18 மி.மீ. பிளைவுட், கொழிஞ்சாம்பாறை ஆசாரி அறுத்துக் கொடுத்தார். ஜான் டாப்சன் பரப்பிய அமைப்பு இது: டெஃப்லான் துண்டுகள்மேல் மைக்கா ஒட்டிய பலகை வழுக்கித் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் மைக்கா பளபளப்பாக இருந்தால் டெஃப்லான் முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் வெடுக்கென்று நகரும், அதனால் சொரசொரப்பான மைக்காவாகக் கேட்டேன்.

"சொரசொரப்பு வேணும்னு கேக்குற மொத ஆளு நீங்கதானுங்க" என்றார் ஆசாரி.

10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு தெரியும்போது பூமி சுழல்வதால் வியாழன் ஒன்றரை நிமிடச் சொச்சத்தில் ஓரத்துக்கு ஓரம் ஓடிவிடும், விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே பார்க்க வேண்டும், அப்போதுதான் அந்தச் சொரசொரப்பின் அருமை தெரியும்.

காற்றுதான் இங்கே தொல்லை. மார்கழி, தையில் வானம் பளிச்சென்று இருக்கும், கிழக்குக் காற்று கணவாய்க்குள் புகுந்து பைப்பை உலுக்கும். சுவர் மறைவில் வைத்து 25 மி.மீ. ஐபீஸ் போட்டு 48 மடங்கோடு நிறுத்திக்கொள்வேன். பங்குனி, சித்திரைதான் நமக்கு. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே பனைகளுக்கு மேல் 32 பாகை உயரத்துக்கு ஏறி வரும். முதலில் பாலாடை போல மங்கலாக, உற்றுப் பார்க்கப் பார்க்க ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பிரியும். ஐரோப்பாவில் பெரும்பாலான ஊர்களில் அது எழுவதே இல்லை, பாவம்.

குறைகள்? பிவிசி கனம், தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆடிகளை நேர்படுத்த வேண்டும், அதற்கு ஐபீஸ் இடத்தில் நடுவில் ஓட்டை போட்ட மூடி போதும், நேர்படுத்த விற்கும் மலிவு லேசர் தானே கோணலாக இருக்கும். ஆடியில் தூசி இருந்தால் இருக்கட்டும், துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சு கீறிவிடும். ஆனியில் மழை பிடித்ததும் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பூஞ்சை. அடுத்து எதையாவது மாற்றினால் ஃபோகஸரைத்தான், பல்சக்கரத்தில் ஆட்டம் விழுந்து 120 மடங்கில் தெளிவு பிடிப்பதற்குள் சனி தாண்டிப் போய்விடுகிறது.