பழைய குவாலிஸின் கதவுப் பூட்டும் ரிமோட்டும்: கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறை

ரிமோட்டை அழுத்தினால் ஒரு கதவு மட்டும் பூட்டாமல் அடம்பிடிக்கும் பழைய வண்டி உங்களிடம் இருந்தால், கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறை ஒன்றை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எங்களுடையது 2003-ஆம் ஆண்டு டொயோட்டா குவாலிஸ். அதிலுள்ள சென்ட்ரல் லாக் (எல்லாக் கதவுகளையும் ஒருசேரப் பூட்டும் அமைப்பு) வண்டியோடு வந்ததல்ல, முந்தைய உரிமையாளர் வெளிக்கடையில் வாங்கிப் பொருத்தியது. இடது பின்கதவு பூட்டவில்லை. ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பினால் அந்தக் கதவு மட்டுமே பூட்டியது, மற்றவை அசையவில்லை. வேறொரு கடையில் காட்டியபோது, கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பட்டறைக்காரர் முதலில் மின்சாரத்தின் பக்கமே போகவில்லை. பின்கதவின் டோர் பேடை, அதாவது உள்பக்க மூடியைக் கழற்றி, பூட்டை இழுக்கும் லாக் மோட்டாரைக் கம்பியிலிருந்து விடுவித்து, பூட்டைக் கையால் மட்டும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். விரல் வலிக்கும் அளவுக்கு அது இறுகிக் கிடந்தது. பழைய கிரீஸ் காய்ந்து, இந்தப் பக்கத்துக் கல்குவாரிச் சாலைகளின் தூசியோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்ததால், பூட்டை இழுக்க முடியாமல் திணறித் திணறி மோட்டாருக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. பூட்டைக் கழுவி லித்தியம் கிரீஸ் வைக்காமல் புது மோட்டாரை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். சாவித் துவாரத்துக்கு எண்ணெய் விடாமல் கிராஃபைட் தூள் போட்டதும் சரியான முடிவே, ஏனெனில் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஓட்டுநர் கதவின் கோளாறு வேறு வகையானது. அந்த மோட்டாருக்கு ஐந்து வயர்கள் வரும்; இரண்டு மோட்டாரை இயக்க, மீதி மூன்று பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்க. மல்டிமீட்டரின் முனைகளை ஒரு வயரின் இரு புறமும் வைத்துக்கொண்டு அவர் கதவை மெதுவாகத் திறந்து மூட, வயரில் தொடர்பு இருக்கும்வரை ஒலிக்கும் பீப் ஒலி ஒரு கோணத்தில் மட்டும் நின்றது. கதவுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைத் தள்ளிப் பார்த்தால், வயரின் மேலுறை முழுதாகவே இருந்தது. உள்ளே செப்பு இழைகள் அறுந்திருந்தன. இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் மடங்கி நிமிரும் வயர் அங்கேதான் அறும் என்றார். வெறும் டேப் சுற்றி அனுப்பாமல், அந்தத் துண்டையே வெட்டியெடுத்து, சற்று நீளமான புது வயரைச் சாலிடர் செய்து, ஒட்டு மடிப்பில் வராதபடி கதவுக்கு உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். இந்த வேலைக்காகவே அவரை மதிக்கிறேன்.

ரிமோட்டுக்குத் தேவைப்பட்டது 12 வோல்ட் சிறு பேட்டரி மட்டும். அதன் ஜோடி ரிமோட் தொலைந்து போயிருந்ததால் புதிதாக ஒன்றைப் பதிவு செய்து, தொலைந்ததன் பதிவை நினைவிலிருந்து நீக்கியும் கொடுத்தார். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வண்டி பேட்டரி இறங்கினால் ரிமோட் உதவாது என்பதால் சாவி சுலபமாகத் திரும்புகிறதா என்பதையும் என் கையாலேயே சோதிக்க வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைச் சரியாக ஒட்டாததால், அடுத்த மழையில் பின்னிருக்கையின் கால் மிதியடி நனைந்தது. உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவை போடாததால் கதவு கடகடவென்று ஆடியது. திரும்பக் கொண்டு போனதும் இரண்டையும் காசு வாங்காமல் சரிசெய்தார். முன்பதிவு கிடையாது, காலையில் போனால் மாலை வரை காத்திருக்க நேரலாம். மோட்டார், ரிமோட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 ரூபாய் ஆனது. நான்கு கதவு செட் என்பதால் டிக்கி கதவு இன்னமும் சாவியில்தான் பூட்டுகிறது. அதற்கும் தனி மோட்டார் போடலாம் என்றார், மாங்காய் சீசன் முடிந்ததும் கொண்டு போக இருக்கிறேன்.